மாடித்தோட்டக் கருவிகளுக்கு 1,249 ரூபாய்க்கு ஒரு கிட்: வாங்கலாமா?

ஆன்லைனில் 'டூல் கேர் கிட்' என்று ஒன்று விற்கிறார்கள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், தேடினால் இதே மாதிரி நாலைந்து வரும், எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான். நான் கொடுத்த விலை 1,249 ரூபாய். பங்குனியில் தக்காளி, கத்தரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டு, பைகளை ஓரங்கட்டி, இனி ஆடிப்பட்டத்துக்குத்தான் மண்ணைத் தொடுவோம் என்று கருவிகளைக் கழுவி எடுத்து வைக்கிற நேரத்தில் வாங்கினேன். அந்தப் பெட்டியில் உருப்படியான பொருள் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் உங்கள் சமையலறையிலோ தெருமுனை ஹார்டுவேர் கடையிலோ கால் விலைக்குக் கிடைக்கும், அதில் ஒன்று உபத்திரவம் வேறு. எந்தெந்தப் பொருள் என்று கீழே எழுதியிருக்கிறேன், அவசரமாக இருப்பவர்கள் டைமண்ட் அரம் பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

பெட்டிக்குள் ஒரு கம்பி பிரஷ், துரு நீக்கும் ஜெல் 100 மில்லி, பேனா நீளத்துக்கு ஒரு டைமண்ட் அரம், 50 மில்லி எண்ணெய், ஒரு மைக்ரோஃபைபர் துணி, அப்புறம் வழவழப்பான காகிதத்தில் ஒரு கையேடு. கையேட்டைப் பார்த்ததுமே இது நமக்காக எழுதியது இல்லை என்று தெரிந்துவிட்டது. முதல் உறைபனி விழும் முன் கருவிகளைத் தோட்டத்து ஷெட்டில் தொங்கவிட வேண்டுமாம். திருவான்மியூரில் உறைபனிக்கு எங்கே போவது? ஷெட்டும் கிடையாது. இங்கே முக்கால்வாசிப் பேர் வீட்டில் கொத்தும் கத்தரிக்கோலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு பழைய பெயின்ட் வாளியில்தான் கிடக்கும், கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் மாடிப்படி முடிகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள்.

கையேடு எழுதியவருக்குத் தெரியாத விஷயம் இரண்டு இருக்கிறது. ஒன்று கடல் காற்று. வெயில் காலம்தானே, காய்ந்து கிடக்கும், துரு எங்கே பிடிக்கப் போகிறது என்று இங்கேயே பலர் நினைக்கிறார்கள். சென்னையில் அது நடக்காது. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பியதும் அதில் வருகிற ஈரமும் உப்பும் இரும்பின் மேல் உட்காரும், உப்பு ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும், மழையே பெய்யாவிட்டாலும் துரு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிழக்கே பார்த்த பால்கனி கிரில்லை வருஷா வருஷம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது போர் தண்ணீர். கடலோரப் பகுதிகளில் பாதி இடத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், கருவியை அதில் தேய்த்துக் கழுவி அப்படியே காயவைத்தால் உப்பைப் பூசி வைத்த கணக்குதான். கழுவுவதை எதில் வேண்டுமானாலும் கழுவுங்கள், கடைசியில் ஒரு சொம்பு மெட்ரோ வாட்டர் (உப்பில்லாத குடிநீர்) ஊற்றி அலசித் துடைத்துவிட்டு, பத்து நிமிஷம் வெயிலில் வைத்து எடுங்கள். எண்ணெய் போட்ட மணல் வாளியில் கருவிகளைச் செருகி வைக்கச் சொல்லும் யோசனையும் கையேட்டில் இருக்கிறது, யோசனை நல்லதுதான், ஆனால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளி வந்துவிடாதீர்கள்.

கம்பி பிரஷ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரஷ். மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் கொத்தின் கழுத்தில் காய்ந்து அப்பியிருப்பதை இதைவிடப் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் நன்றாக எடுக்கின்றன. மைக்ரோஃபைபர் துணி இப்போது சமையல் மேடை துடைக்கிறது.

ஜெல்லுக்கு வருவோம். புட்டியில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கேயும் இல்லை. தோலில் பட்டால் என்ன செய்வது என்றும் இல்லை. சின்ன மண்வாரியில் பூசி அரை மணி நேரம் வைத்ததில் மேலோட்டமான துரு கறுத்துப் போனது. பாஸ்பாரிக் அமிலம் இருந்தால் துரு இப்படித்தான் கறுக்கும், அதுவாக இருக்கலாம், ஆனால் அதை வாங்குபவர் ஊகித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அநியாயம். களைக்கொத்தில் செதில் செதிலாக இருந்த தடித்த துருவிடம் அது வாலாட்டவே முடியவில்லை. பாதிப் புட்டி காலி, கொத்து அப்படியே இருக்கிறது.

அதற்கு வினிகர் போதும். மளிகைக் கடையில் கிடைக்கும் சிந்தெடிக் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் அளவுக்கு இருக்கும், இரும்புப் பகுதி மட்டும் மூழ்குகிற மாதிரி ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துரு சேறு மாதிரி கழன்று வரும். மரப்பிடி நனையக் கூடாது. நிறையக் கருவிகள் இருந்தால் வினிகரை விட சிட்ரிக் அமிலம் மலிவு, பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம் கெமிக்கல் கடைகளில் பொடியாகக் கிடைக்கும், லிட்டர் தண்ணீருக்கு மூன்று ஸ்பூன் போட்டால் தாராளம். ஊறி முடித்ததும் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. கொஞ்சம் ஆப்பச் சோடா கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து மிச்சமிருக்கும் அமிலத்தைப் போக்கி, அலசி, உடனே துடைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். 'உடனே' என்றால் நிஜமாகவே உடனே. துரு போன இரும்பு வெள்ளையாக, தோலுரித்த மாதிரி இருக்கும், போன் வந்தது என்று அப்படியே வைத்துவிட்டுப் போய் வந்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பொடி தூவினாற்போல் வந்திருக்கும்.

தெருவில் பினாயிலோடு சேர்த்து விற்கும் கழிவறை ஆசிட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். துரு சட்டென்று போகத்தான் போகும், ஆனால் இரும்பையும் சேர்த்துத் தின்னும், அதன் புகை பட்டால் பக்கத்தில் சும்மா கிடக்கும் நல்ல கருவிகளும் துருப்பிடிக்கும். வீடியோக்களில் இதைச் சிரித்துக்கொண்டே செய்து காட்டுகிறார்கள்.

இனி அந்த ஒரே உருப்படியான பொருள், டைமண்ட் அரம். இதற்காகவே கிட்டை வாங்கலாம் என்று எழுத ஆசைதான், ஆனால் இதே அரம் தனியாகவும் விற்கிறது என்பதால் எழுத மாட்டேன். கவாத்துக் கத்தரிக்கோல் (கிளை வெட்டும் கத்தரி) வைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். அந்தக் கத்தரியின் வெட்டும் அலகு வளைந்திருக்கும், தட்டையான சாணைக்கல் அதில் சரியாக உட்காராது, இந்தச் சின்ன அரம் வளைவோடு போகும். என்னுடையது ஃபால்கன் கத்தரி, கார்பன் ஸ்டீல், கறிவேப்பிலையும் செம்பருத்தியும் முருங்கைக் கிளையும் வெட்டியே உழைத்தது. நடு நட்டைக் கழற்றினால் உள்ளே போல்ட்டைச் சுற்றி முருங்கைப் பிசினும் செம்பருத்திக் கொழகொழப்பும் நார்த்தூசியும் சேர்ந்து கறுப்பாக, கெட்டியான மை மாதிரி ஒரு வளையம். கத்தரி இறுகிப்போய்க் கை வலிக்கிறது என்று புதுசு வாங்குபவர்களில் பாதிப்பேர் இதை மட்டும் எடுத்தால் பழசையே இன்னும் ரொம்ப நாள் ஓட்டலாம். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் கழன்று வந்துவிடும், மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் சரி.

கூர் வைக்கும்போது ஒரு பக்கம் மட்டும்தான். அலகில் சாய்வாகச் சீவிய பட்டை இருக்கிற பக்கத்தை மட்டும், ஏற்கெனவே இருக்கிற சாய்விலேயே, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். சாய்வு சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பட்டை மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மை முழுக்கப் போனால் சரியான சாய்வு, கூர் விளிம்பை எட்டாமல் மேல் ஓரத்தில் மட்டும் போனால் அரத்தைப் படுக்கையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பட்டை முழுக்கப் பளபளப்பு வந்ததும் மறுபக்கத்தில் விரலை வெளிப்புறமாக நகர்த்தித் தடவினால் நகத்தில் ஒரு சின்னப் பிசிறு தட்டும். அது தட்டினால்தான் கூர் ஓரம் வரைக்கும் வந்திருக்கிறது. அரத்தை அந்தத் தட்டைப் பக்கத்தில் முழுக்கப் படுக்க வைத்து ஒரே ஒரு தடவை லேசாக நகர்த்தினால் பிசிறு போய்விடும். அதற்கு மேல் அந்தப் பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு அலகுக்கும் நடுவில் சந்து விழுந்து, தண்டை வெட்டாமல் மென்று துப்பும். எதிரே இருக்கும் கொக்கி அலகை அப்படியே விட்டுவிடலாம். இதில் ஒரு வார்த்தைகூடக் கையேட்டில் இல்லை, 'மெதுவாகத் தேய்க்கவும்' என்று படம் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அரம் மெல்லியது, அதனால் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் உதவாது. அதற்கு ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ் என்று இரட்டைச் சாணைக்கல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். 1954ல் ஆரம்பித்த நம்ம ஊர்க் கம்பெனி கார்போரண்டம் யுனிவர்சலின் கல் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இருக்கிறது, அருவாமனைக்கும் அதே, தோட்டத்து அரிவாளுக்கும் அதே, தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்தும் வேலை செய்கிறது. மண்வெட்டிக்குக் கத்தி மாதிரிக் கூர் வேண்டியதில்லை, அப்படி வைத்தால் முதல் கல்லில் பட்டதும் மடங்கும். பட்டறை அரத்தால் நாலு தள்ளு தள்ளினால் போதும். முன்னால் தள்ளும்போதுதான் அரம் வெட்டும், பின்னால் வரும்போது தூக்கிக்கொள்ளுங்கள், உரசிக்கொண்டே இழுத்தால் அரத்தின் பல்தான் மழுங்கும்.

இவ்வளவு எதற்கு, தெருவில் சாணை பிடிப்பவர் வருகிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் தெருவுக்கு வருபவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பெடலை மிதித்துக் கல்லைச் சுற்றுகிறவர். கிட்டோடு ஒப்பிட வேண்டும் என்றே பழைய கத்தரி ஒன்றை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தவர், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "இதுல ஒரு பக்கம்தான்க்கா பட்டை, அந்தப் பக்கம் தொட்டா போச்சு" என்றார். 1,249 ரூபாய்க் கையேட்டில் இல்லாத விஷயம். வேலையும் வேகம், கத்தரி காகிதத்தை வழுக்கிக்கொண்டு வெட்டியது. ஒரே குறை சூடு. காய்ந்த கல்லில் அழுத்திப் பிடித்ததில் அலகின் நுனியில் நகக்கண் அளவுக்கு நீலம் பாய்ந்துவிட்டது. இரும்பு நீலமாகிறது என்றால் 300 டிகிரி பக்கம் சூடு ஏறியிருக்கிறது, அந்த இடத்தில் பதம் இறங்கி இரும்பு மெத்தென்று ஆகிவிடும், கூர் சீக்கிரம் மழுங்கும். அடுத்த தடவை ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "அண்ணே, தொட்டுத் தொட்டுப் பிடிங்க, லேட்டானாலும் பரவாயில்ல" என்றேன். கொஞ்சம் முனகினார், ஆனால் செய்தார், நீலம் வரவில்லை. சமையல் கத்தி, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் கொடுப்பேன். வளைந்த அலகு உள்ள நல்ல கத்தரியை மட்டும் வீட்டிலேயே அரத்தால் பார்த்துக்கொள்வது உத்தமம். கருக்கரிவாளை அவரிடமும் கொடுக்க வேண்டாம், சாணையில் வைத்தால் பல் போய்விடும், அதற்குக் கருக்கு வைக்கத் தெரிந்த கொல்லர்தான் வேண்டும்.

இப்போது உபத்திரவம் என்று சொன்னேனே, அது எண்ணெய். புட்டியில் 'அலகு, மூட்டு, கைப்பிடி அனைத்துக்கும்' என்று இருக்கிறது, பின்பக்கம் பொடி எழுத்தில் ஆளி விதை எண்ணெய். ஆளி விதை எண்ணெய் மரப்பிடிக்கு அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகிற ரகம், பெயின்ட்டிலும் வார்னிஷிலும் அதைச் சேர்ப்பதே அதற்காகத்தான். அதைக் கத்தரியின் மூட்டில் விடச் சொன்னால் ஆடி மாதம் எடுக்கும்போது மூட்டு கோந்து போட்டு ஒட்டினது மாதிரி இருக்கும். மூட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் வருகிற சின்ன புட்டி நாலு வருஷம் வரும். டபிள்யூடி-40 வைத்திருப்பவர்கள் அதை அடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள், அது ஈரத்தை விரட்டவும் இறுகினதை இளக்கவும் கெட்டிக்காரன், மாதக்கணக்கில் காக்கிற எண்ணெய் அல்ல, அதை அடித்துத் துடைத்துவிட்டு மேலே மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஓகே, இறுகாது, ஆனால் நாளானால் சிக்கு வாடை வரும், எறும்பும் வரும். நல்லெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியெல்லாம் அதில்தான் உட்காரும்.

சரி, மரப்பிடிக்கு அந்த ஆளி விதை எண்ணெயைப் பயன்படுத்தலாம். உப்புத்தாளால் சொரசொரப்பைத் தேய்த்துவிட்டு மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் பிடி கையில் ஒட்டாது. துடைத்த துணி விஷயத்தில் ஜாக்கிரதை. இந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும், துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. இது வெளிநாட்டுப் பூச்சாண்டி இல்லை, நடக்கிற விஷயம், அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் தேங்காய் மட்டையும் காய்ந்த சருகும் கிடக்கிற இடத்தில் எண்ணிப் பாருங்கள். துணியைக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிக் குப்பையில் போடுங்கள். இந்த எச்சரிக்கை புட்டியில் இல்லாததைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதினேன், ஜெல்லில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தேன். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது, அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை.

கிட் தொடவே தொடாத இன்னொரு சாமான் ஸ்பிரேயர். நம் ஊர் மாடித்தோட்டத்தில் கத்தரிக்கோலை விட அதிகம் கெட்டுப்போவது அதுதான். வேப்பெண்ணெய்க் கரைசலும் பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் மாற்றி மாற்றி அடித்துவிட்டு அப்படியே மூடி வைத்தால் நாசிலில் அடைத்து, ரப்பர் வாஷர் ஊறி, திறந்தால் தெருவே மூக்கைப் பொத்தும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே விட்டு அடித்தே காலி செய்து, நாசிலைக் கழற்றி, உப்புப் படிந்திருந்தால் மிச்சமிருக்கும் வினிகரில் ஊறப் போடுங்கள். எலுமிச்சைத் தொட்டி வைத்திருப்பவர்கள் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைப்பதை வருஷக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளாமல் செடிக்குச் செடி செய்ய வேண்டும், சொறிநோய் பாக்டீரியா கத்தரி வழியாகவும் அடுத்த செடிக்குப் போகும். பிளீச்சிங் கரைசலில் முக்கச் சொல்பவர்களும் உண்டு, கிருமி சாகும், கூடவே இரும்பும் அரிக்கும்.

கிட்டுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டுமே அரத்துக்கு. அதற்குப் பதிலாக ஒரு நாள் மண்ணடி மெட்ரோவில் இறங்கி லிங்கி செட்டித் தெரு வழியாக நடந்தால் அரம், சாணைக்கல், உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பெயின்ட் ஒரு சின்ன டப்பா (பெயின்ட் உரிந்த மண்வாரிக்கும் கொத்தின் கழுத்துக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை, கூர் ஓரத்தில் மட்டும் படக் கூடாது) எல்லாம் சேர்ந்தே 600, 700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும், மாலையில் லோடு இறக்கும் வண்டிகளுக்கு நடுவே நடக்கவும் முடியாது, வாரநாளில் காலை பதினொரு மணி வாக்கில் போவது நல்லது. கத்தரிக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டுமென்றால் பழைய ஸ்பிரிங்கைக் கையோடு எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொன்னால் கடைக்காரர் கொடுப்பது வீட்டுக்கு வந்தால் சேராது.